கண் பழகாத பந்து

கிள்ளான் பண்டமாரானில் உள்ள பாயுவேமாஸ் ஓவல் திடலுக்கும் 23 என்ற எண்ணுக்கும் விசித்திரமான உறவு உண்டு. 2023 ஜூலை 26 அன்று அங்கே மலேசிய ஆடவர் அணி சீனாவை 23 ரன்னுக்குச் சுருட்டியது. வேகப்பந்து வீச்சாளர் சியாஸ்ருல் இட்ருஸ் 8 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஆடவர் அனைத்துலக டி20 ஆட்டத்தில் ஒருவர் 7 விக்கெட் எடுத்தது அதுவே முதல் முறை. இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று: ஏழு பேரும் ‘போல்டு’. கேட்ச் இல்லை, எல்.பி.டபிள்யூ. இல்லை. பந்து மட்டையைக் கடந்துபோய் ஏழு பேரின் ஸ்டம்பையும் சாய்த்தது.

ஒன்றரை ஆண்டு கழிந்தது. 2025 ஜனவரி 19, அதே திடல், 19 வயதுக்குட்பட்ட மகளிர் டி20 உலகக் கோப்பை. இலங்கைக்கு எதிராக மலேசியப் பெண்கள் எடுத்த மொத்த ரன் 23. இரண்டு நாள் கழித்து இந்தியாவிடம் 31. இந்தியாவின் இடக்கைச் சுழற்பந்துக்காரர் வைஷ்ணவி சர்மா ஹாட்ரிக்கோடு 5 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார்.

ஆடவர் அணி வேறு, பள்ளிப் பருவத்துப் பெண்பிள்ளைகள் அணி வேறு. ஆனாலும் தனக்குக் கீழே இருப்பவரைச் சுருட்டி எடுப்பதும், மேலே இருப்பவரிடம் அதே மாதிரி சுருண்டு விழுவதும்தான் மலேசியக் கிரிக்கெட்டின் நெடுங்கால நிலைமை. 1967-இல் அனைத்துலகக் கிரிக்கெட் மன்றமான ஐ.சி.சி.யின் இணை உறுப்பினரான நாடு இது. அரை நூற்றாண்டு தாண்டியும் ஆடவர் உலகக் கோப்பை எதிலும் காலெடுத்து வைக்கவில்லை.

ஏன் என்று ஒட்டுக்கடை மேசையில் கேட்டுப் பாருங்கள். தேத்தாரே வருவதற்குள் மூன்று விடை வந்துவிடும். நம்மவர்களுக்குத் திறமை போதாது. சங்கத்தில் அரசியல். தினம் மழை கொட்டும் நாட்டில் கிரிக்கெட் எங்கே வளரும்? மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் நெகிரி செம்பிலான் மாநிலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு யோசித்தால் மூன்றுமே தள்ளாடுகின்றன.

முதலில் ஆதரவு. 1967 முதல் 2008 வரை இம்மாநிலத்தின் யாங் டி பெர்துவான் பெசாராக, அதாவது மாநில அரசராக, இருந்த துவாங்கு ஜாஃபார் கிரிக்கெட் பிரியர். அவர் பெயரில் 1991 முதல் மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங், தாய்லாந்து நான்கும் மோதிய கோப்பையே இருந்தது. 1994 முதல் 1999 வரை அவர்தான் நாட்டின் மாமன்னர். கோலாலம்பூர் 1997-இல் ஐ.சி.சி. டிராபியையும் 1998-இல் காமன்வெல்த் விளையாட்டுகளில் கிரிக்கெட்டையும் நடத்தியது அந்தக் காலத்தில்தான். அவருடைய மகன் துங்கு இம்ரான் மலேசியக் கிரிக்கெட் சங்கத்தின் தலைவராகவே இருந்தவர். அரண்மனையே பக்கபலமாக நின்ற விளையாட்டு இது. அடுத்து மழை. தீபகற்ப மலேசியாவில் மிகக் குறைந்த மழை பெறும் இடம் இதே மாநிலத்தின் ஜெலெபு, ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர். மூன்றாவது மக்கள். லாபு, ரந்தாவ், சிலியாவ், போர்ட்டிக்சன், பகாவ் என்று தோட்டம் தோட்டமாகத் தமிழர்கள். சென்னையில் டெஸ்ட் நடந்தால் இங்கே வேலை ஓடாது என்கிற அளவுக்குக் கிரிக்கெட் பார்க்கும் கூட்டம்.

அரசர் உண்டு, காய்ந்த நிலம் உண்டு, ரசிகர் உண்டு. ஆட்டக்காரர் மட்டும் ஏன் முளைக்கவில்லை?

மலாயாவில் கிரிக்கெட்டுக்கு வேர் இல்லை என்று சொல்லவும் முடியாது. சிலாங்கூர் கிளப் 1884-இல் தொடங்கியது. இன்றைய மெர்டேக்கா சதுக்கம்தான் அதன் கிரிக்கெட் திடல். 1927-இல் பெர்ட் ஓல்ட்ஃபீல்டு உள்ளிட்ட ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள் சுற்றுப்பயணம் வந்தபோது அனைத்து மலாயா அணி கோலாலம்பூரில் அவர்களைத் தோற்கடித்தது. 1909-இல் கோலாலம்பூரில் பிறந்த லால் சிங், 1932 ஜூனில் லார்ட்ஸில் இந்தியா ஆடிய முதல் டெஸ்டிலேயே இடம்பிடித்தார். அன்று காலை இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட் இழந்து திணறியது. அதில் மூன்றாவது, ஃபிராங்க் வூலியை லால் சிங் ரன் அவுட் ஆக்கியது. இந்தியக் கிரிக்கெட்டின் முதல் டெஸ்டின் முதல் மணி நேரத்தில் ஒரு மலாயாப் பிள்ளையின் கை இருந்தது என்பது இந்நாட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

ஆனால் அந்தக் கிரிக்கெட் தோட்டத்துக்குள் இறங்கவில்லை. துரைமார் நகரத்துக் கிளப்பில் ஆடினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த கிராணிமார், அரசாங்க எழுத்தர்கள், சிரம்பான் ஆங்கிலப் பள்ளிகளில் படித்த அவர்கள் பிள்ளைகள், இவர்கள் வரைக்கும் அது வந்து நின்றது. லயத்துப் பிள்ளை தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை முடித்து ரப்பர் மரம் சீவப் போனான். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கு, மதியத்துக்குள் பால் நிறுவை, சாயங்காலம் 5 மணிக்குமேல் இருட்டும் வரை இரண்டு மணி நேரம் ஓய்வு. அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கச்சிதமாகப் பொருந்திய ஆட்டம் காற்பந்து. ஒரே பந்து, இருபத்திரண்டு பேர், காலில் ஒன்றும் போடாவிட்டாலும் சரி. மழை பெய்தால் இன்னும் கொண்டாட்டம். அந்த மண் காற்பந்துக்கு ஆள் கொடுத்தது. நெகிரி செம்பிலானுக்கு ஆடிய எஸ். குணாளன், 2010-இல் தென்கிழக்காசிய சுசுகி கோப்பையை வென்ற தேசிய அணியில் இருந்தார். அந்த அணியின் பயிற்சியாளர் கே. ராஜகோபால். ஆகவே ‘நம்மவர்களுக்கு உடல் வாகு போதாது’ என்ற பேச்சை இங்கேயே ஓரம் கட்டிவிடலாம்.

மழையையும் ஓரம் கட்டலாம். கோலாலம்பூரில் ஆண்டுக்குப் பெய்வது 2,400 மில்லிமீட்டருக்கு மேல். கொழும்பிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கொழும்பிலிருந்து ஜெயவர்த்தன வரவில்லையா?

மண் விஷயம் அவ்வளவு எளிதாகத் தீராது. கிரிக்கெட் ஆடுகளம் என்கிற 20.12 மீட்டர் நீளத் துண்டு, பார்க்கக் கட்டாந்தரை மாதிரி இருந்தாலும் நுட்பமான தயாரிப்பு. ஈரத்தில் உப்பி, காயும்போது சுருங்கி இறுகும் களிமண் அதற்கு வேண்டும். அதன்மேல் புல் வளர்த்து, வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டபின் நீர் தெளித்து, கன உருளையால் நாள் கணக்கில் அழுத்தி, மெல்ல மெல்லக் காயவிட வேண்டும். தமிழ்நாட்டுக் கரிசல் மண்ணில் இருப்பது மான்ட்மோரிலோனைட் போன்ற, நீரை உள்ளே இழுத்து உப்பும் களிமம். மலாயா மண்ணோ லட்சக்கணக்கான ஆண்டு வெயிலிலும் மழையிலும் ஊறி, சிலிக்காவெல்லாம் கரைந்தோடி, கயோலினைட்டும் இரும்பு ஆக்சைடும் மிஞ்சிய செம்மண். நெகிரி செம்பிலானிலும் மலாக்காவிலும் பரவலாகக் காணும், மண்ணியலார் ‘மலாக்கா வரிசை’ என்று பெயரிட்ட மண்ணில் சரளைக் கற்களும் கலந்திருக்கும். ரப்பருக்கு இது பிடித்தது, நீர் தேங்காமல் வடிந்துவிடும். உருளைக்குக் கட்டுப்பட்டு இறுகுவதில் மட்டும் இது சோம்பேறி. இலங்கையிலும் மேற்குக் கரையில் செம்மண்தான். ஆடுகளத்துக்கான களிமண்ணை மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து கொண்டுவருவார்கள். இங்கே பல திடல்களில் சிமெண்டுத் தளத்தின்மேல் பாயோ செயற்கைப் புல்லோ விரித்தார்கள். அதில் பந்து ஒரே சீராக எழும்பும். ஏமாற்றாது. அந்த நல்ல குணம்தான் பின்னால் வினையாகிறது. எப்படி என்பதைக் கண்ணிடம் கேட்க வேண்டும்.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, வீச்சாளர் கோட்டிலிருந்து மட்டையாளர் கோடு வரையிலான 17.7 மீட்டரைக் கடக்க எடுத்துக்கொள்வது அரை விநாடிக்கும் குறைவு. 110 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 0.6 விநாடி. மனிதக் கண் ஒன்றைக் கண்டு, மூளை முடிவெடுத்து, தசை அசையத் தொடங்குவதற்கு 0.2 விநாடி ஆகும். மட்டையைத் தூக்கி இறக்கவும் நேரம் வேண்டும். கூட்டிப் பாருங்கள்: பந்தைப் பார்த்துவிட்டு அடிக்க நேரமே இல்லை. பந்து வந்து சேருமுன்பே அடி தொடங்கியிருக்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு உளவியலாளர் பீட்டர் மெக்லியோடு 1987-இல் இதைச் சோதித்தார். பாய் விரித்த ஆடுகளத்தில், பாய்க்கு அடியில் மரக் குச்சிகளை ஒளித்து வைத்தார். பந்து குச்சிமேல் விழுந்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அனைத்துலக ஆட்டம் ஆடிய மட்டையாளர்களை நிறுத்திப் படம் பிடித்தார். பந்து தரையில் பட்டுத் திரும்பிய பிறகு 0.2 விநாடிக்குள் அவர்களில் எவராலும் மட்டையின் போக்கை மாற்ற முடியவில்லை. சாதாரண மனிதனின் மறுவினை வேகம்தான் அவர்களுக்கும். ‘அவனுக்குக் கண் பார்வை அபாரம்’ என்று நாம் கொண்டாடும் நட்சத்திரத்தின் நரம்பு, நம்முடைய நரம்பைவிட வேகமானது கிடையாது!

பிறகு எப்படித்தான் அடிக்கிறார்கள்? 2000-ஆம் ஆண்டில் மைக்கேல் லேண்டும் அதே மெக்லியோடும் மட்டையாளர்களின் தலையில் சிறு கேமரா மாட்டிக் கண்மணி எங்கே போகிறது என்று பார்த்தார்கள். பந்தை முழுவதும் பின்தொடர்ந்து பார் என்று பயிற்சியாளர்கள் சொல்வது வழக்கம். தேர்ந்த கண் அப்படிச் செய்யவில்லை. பந்து புறப்பட்டதும் ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு, பந்தைப் பாதியில் விட்டுவிட்டு, அது எங்கே தரை தொடும் என்று கணிக்கிறதோ அந்த இடத்துக்கு முன்கூட்டியே தாவிப் போய்க் காத்திருந்தது. நல்ல ஆட்டக்காரரின் கண் சீக்கிரம் தாவியது, சுமாரானவரின் கண் தாமதித்தது. வித்தியாசம் அந்தத் தாவலில்தான். ஆஸ்திரேலியாவின் புரூஸ் அபர்னதியும் மற்றவர்களும் இன்னொன்றைக் காட்டினார்கள்: வீச்சாளர் ஓடிவரும் காட்சியைப் பந்து கையைவிட்டுப் புறப்படுமுன் துண்டித்துவிட்டாலும், தேர்ந்தவர்கள் கை, மணிக்கட்டு இவற்றின் சாயலைக் கொண்டே என்ன பந்து வரப்போகிறது என்று ஓரளவு சொல்லிவிடுகிறார்கள்.

இந்தக் கணிப்பு பிறவியில் வருவது கிடையாது. ஆயிரக்கணக்கான பந்துகளை, பல பேருடைய கையிலிருந்து, பல விதமான தரையில் சந்தித்துச் சந்தித்து மூளைக்குள் சேரும் கணக்கு அது. இன்னதைப் பார்த்தால் இன்னது வரும் என்ற கணக்கு. ஆகவே ஒருவன் எந்தப் பந்தைச் சந்தித்தானோ அதை மட்டும்தான் அவன் கண் கற்றிருக்கும். உள்ளூர் லீக்கில் 115 கிலோமீட்டரைப் பார்த்தே வளர்ந்த இளைஞனுக்கு 140-ஐத் திடீரென்று காட்டினால் அவனுக்குப் பயம் வருவதைவிட முதலில் நடப்பது, கண் தப்பான இடத்துக்குத் தாவுவது. சீரான செயற்கைத் தளத்தில் பழகியவன் வெடித்த களிமண்ணில் நின்றால் அதே கதி. சீனாவின் ஏழு ஸ்டம்புகள் சாய்ந்ததும், வைஷ்ணவியின் சுழலில் நம் பெண்கள் வரிசையாக விழுந்ததும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கம். வேகம்தான் என்றில்லை; காற்றில் தொங்கி விழும் சுழற்பந்தும் பழகாத கண்ணுக்குப் பொய் சொல்லும்.

இதைப் பணத்தால் வாங்க முடியாதா? பந்து வீசும் இயந்திரம் 150-இல் கூடப் போடும். ஆனால் இயந்திரத்துக்குத் தோள் இல்லை, மணிக்கட்டு இல்லை. கண் கற்க வேண்டிய முன்னறிகுறி எதுவும் அதில் கிடையாது. வீச்சாளர் மனிதராகவே இருக்க வேண்டும், அதுவும் நிறையப் பேர் வேண்டும், எட்டு வயதிலிருந்தே வேண்டும்.

சின்ன நாடு, ஆள் பலம் குறைவு, அதனால்தான் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. உயரத்தை வைத்துப் பார்ப்போம். சராசரி உயரம் 165 சென்டிமீட்டர், பரவல் அளவான நியம விலகல் 6 சென்டிமீட்டர் என்று இருக்கட்டும். ஆயிரம் பேரில் மிக உயரமானவர் சுமார் 184 சென்டிமீட்டர் இருப்பார். பத்து லட்சம் பேரில் மிக உயரமானவர்? ஆள் எண்ணிக்கை ஆயிரம் மடங்கு கூடியும் அவர் 194-தான். வெறும் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம். திறமையும் இப்படிப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால், சின்னக் கூட்டத்திலும் உச்சியில் நிற்கும் ஒருவர் பெரிய கூட்டத்தின் உச்சியை ஓரளவு நெருங்கி வரலாம். சிக்கல் பதினொன்றாவது ஆளில். பத்து லட்சத்தில் பதினொன்றாவது உயரமானவர் 190-க்கு மேலேயே நிற்பார். ஆயிரத்தில் பதினொன்றாவது 179-க்கு இறங்கிவிடுவார். சின்ன நாட்டுக்கு ஒரு நட்சத்திரம் கிடைப்பது அதிசயமில்லை. அவரோடு நிற்கப் பத்துப் பேர் கிடைப்பதுதான் கஷ்டம்.

அருள் சுப்பையா அப்படிப்பட்ட ஒருவர். 1983-இல் கோலாலம்பூரில் பிறந்தவர், இங்கிலாந்தின் சோமர்செட் கவுண்டிக்கு ஆடினார். 2011 ஜூலையில் கார்டிஃபில் கிளாமோர்கன் அணிக்கு எதிராக 5 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். டி20 கிரிக்கெட்டிலேயே சிறந்த பந்துவீச்சு என்ற உலக சாதனை 2019 வரை இந்தத் தமிழர் பெயரில் இருந்தது. ஆனால் அவர் கண்ணும் கையும் பழகியது இங்கிலாந்துத் திடலில். இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சரி, ஆள் பலம்தான் காரணம் என்றால் பூப்பந்தை என்ன செய்வது? இதே நாடு, இதே ஜனத்தொகை, இதே வெயில். 1949-இல் நடந்த முதல் தாமஸ் கோப்பையையே மலாயா டென்மார்க்கை 8-1 என்று வீழ்த்தி எடுத்துக்கொண்டது. 1952, 1955, 1967, 1992 என்று மேலும் நான்கு தடவை. 1971-இல் பஞ்ச் குணாளனும் இங் பூன் பீயும் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டம் வென்றார்கள். இந்த ஆட்டத்தில் மலேசியாவின் பக்கத்து வீட்டுக்காரர் யார்? இந்தோனேசியா. உலகின் மிகக் கடுமையான எதிராளி, கடலுக்கு அந்தப் பக்கம். தோற்றாலும் அடுத்த மாதம் மறுபடி அவனோடுதான் ஆட வேண்டும். கிரிக்கெட்டில் அதே பக்கத்து வீடுகளை எண்ணிப் பாருங்கள்: சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா. 1970-இல் சிங்கப்பூரோடு தொடங்கிய சவுதாரா கோப்பை அன்பான போட்டி. அதில் கற்றது 140 கிலோமீட்டர் பந்துக்கு உதவாது.

எதிராளிதான் அணியை உருவாக்குகிறான் என்பதற்கு உலகத்தில் சாட்சி நிறைய. ஆப்கானிஸ்தானின் முதல் தலைமுறை ஆட்டக்காரர்கள் பெஷாவர் பக்கத்து அகதி முகாம்களில், பாகிஸ்தான் பையன்களின் பந்தை எதிர்கொண்டு வளர்ந்தவர்கள். திடல் இல்லை, பணம் இல்லை, நாடே நிலையாக இல்லை. 2008-இல் ஜெர்சி தீவில் உலகக் கிரிக்கெட் லீகின் ஐந்தாம் பிரிவில் ஆடிய அணி, 2010-இல் டி20 உலகக் கோப்பைக்குள் போனது, 2017-இல் டெஸ்ட் நாடானது. நேபாளத்துக்கு இந்தியா, நமீபியாவுக்குத் தென்னாப்பிரிக்கா என்று மற்றவற்றுக்கும் வலுத்த அண்டை வீடு உண்டு.

பங்களாதேஷ் கதை நமக்கு இன்னும் நெருக்கம், அது நடந்தது கோலாலம்பூரிலேயே. 1997 ஏப்ரலில் ஐ.சி.சி. டிராபி இறுதியாட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போய், கென்யாவை அவர்கள் கடைசிப் பந்தில் வென்றார்கள். 2000-இல் டெஸ்ட் தகுதி கிடைத்தது. அதன்பின் என்ன? அடி மேல் அடி. முதல் டெஸ்ட் வெற்றி 2005 ஜனவரியில், 35-ஆவது டெஸ்டில்! இவர்களுக்கு ஏன் டெஸ்ட் தகுதி என்று உலகமே கேலி செய்தது. ஆனால் அந்த 34 ஆட்டங்களில் பலவற்றிலும் அவர்களுடைய மட்டையாளர்கள் உலகின் மிகச் சிறந்த வீச்சைச் சந்தித்துக்கொண்டே இருந்தார்கள். தோல்விதான் அவர்களுக்குப் பள்ளிக் கட்டணம். போட்டியை நடத்திக்கொடுத்த மலேசியா அந்த ஆண்டுகளில் அந்தப் பள்ளியின் வாசலிலேயே நின்றது; 2007-இல் உலகக் கிரிக்கெட் லீக் என்ற ஏணி வந்தபின்னும் மூன்றாம் பிரிவுக்கும் ஆறாம் பிரிவுக்கும் இடையே ஏறி இறங்கியது.

அதே பங்களாதேஷை 2023 அக்டோபர் 4 அன்று, சீனாவின் ஹாங்சோவில், ஆசிய விளையாட்டுக் காலிறுதியில் மலேசியா கிட்டத்தட்டக் கவிழ்த்தே விட்டது. கடைசி ஓவரில் 5 ரன் வேண்டும், களத்தில் 52 ரன்னோடு விரன்தீப் சிங். ஓவரின் பாதியிலேயே அவர் ஆட்டமிழந்தார், ஆறு பந்தில் கிடைத்தது 2 ரன், 116-க்கு 114. அன்று பலர் ‘நெருங்கிவிட்டோம்’ என்று மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லை, ஆனால் இரண்டை நினைவில் வைக்க வேண்டும். பங்களாதேஷின் முதன்மை அணி அப்போது உலகக் கோப்பைக்காக இந்தியாவில் இருந்தது. தவிர, ஆட்டம் சுருங்கச் சுருங்கத் தற்செயலுக்கு இடம் கூடும். 120 பந்தில் இளைத்தவன் வலியவனை முட்டலாம், ஐந்து நாள் ஆட்டத்தில் அது நடப்பது அரிது. டி20-இல் நூலிழைத் தோல்வி, திறமையில் நூலிழைத் தூரம் ஆகாது.

இதே தற்செயல்தான் பயிற்சியாளர்களின் தலையையும் உருட்டுகிறது. அணி தொடர்ந்து தோற்றால் பயிற்சியாளரை மாற்றுவார்கள், புதியவர் வந்ததும் சில ஆட்டம் வெல்லும், பார்த்தீர்களா என்பார்கள். நெதர்லாந்துக் காற்பந்து லீகின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களைப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் ஆராய்ந்தார். பயிற்சியாளரை மாற்றிய அணிகளும் மீண்டன. அதே அளவு சரிந்து, மாற்றாமல் விட்ட அணிகளும் மீண்டன. மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து எதுவுமே தன் சராசரிக்குத் திரும்பும். அந்தச் சராசரியை உயர்த்துவதுதான் வேலை, அதைப் புதுப் பயிற்சியாளர் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதில்லை.

சராசரியை உயர்த்தத் தடையாக இருப்பவை சாதாரண விஷயங்கள்: பணமும் இடமும். ஐ.சி.சி.யின் 2024 முதல் 2027 வரைக்கான வருமானத்தில் இந்தியாவின் வாரியத்துக்கு மட்டும் சுமார் 38.5 விழுக்காடு, தொண்ணூறுக்கும் மேற்பட்ட இணை நாடுகள் அனைத்துக்கும் சேர்த்துச் சுமார் 11 விழுக்காடு என்று செய்தி. இடத்துக்கு வந்தால், 2006-இல் இந்தியா, ஆஸ்திரேலியா, மேற்கிந்தியத் தீவுகள் மூன்றும் ஆடிய, 2008-இல் விராட் கோலி தலைமையிலான இந்திய இளையோர் அணி உலகக் கோப்பையை உயர்த்திய கின்ராரா ஓவல் இன்று இல்லை. நிலத்தின் உரிமையாளரான மேம்பாட்டு நிறுவனத்தோடு நடந்த வழக்குக்குப் பின் சங்கம் அதைக் காலி செய்தது.

நெகிரி செம்பிலானில் இடம் போன விதம் வேறு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாகி மக்கள் தாமான்களுக்குப் போனார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் கோயிலும் பள்ளியும் போல ஒரு திடல் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரனோடு வாராவாரம் மோதல் இருந்தது. காற்பந்துக்காவது ஒரு காலத்தில் அந்த எதிராளி ஏணி அமைந்தது. கிரிக்கெட்டுக்கு அது அமையவே இல்லை. அமையக்கூடிய திடல்களும் இப்போது செம்பனைக்கு அடியில் அல்லது வீட்டு வரிசைக்கு அடியில். மந்தினில் இருக்கும் துவாங்கு ஜாஃபார் கல்லூரி போன்ற தனியார் பள்ளிகள் வேறு உலகம். அங்கே படிக்கும் பிள்ளைக்கும் சிலியாவ் பிள்ளைக்கும் ஒரே வீச்சாளர் கிடைக்க வழியில்லை.

வழி என்று ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது என்றால், அது சங்க அலுவலகத்தில் இல்லை. தொழிற்சாலைகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் வேலை பார்க்கும் பாகிஸ்தானியர்களும் வங்காளதேசிகளும் நேபாளிகளும் ஞாயிற்றுக்கிழமை கிடைத்த இடத்தில் ஆடுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் டேப் பந்து. டென்னிஸ் பந்தின்மேல் மின்சார வேலைக்கான ஒட்டுநாடாவை இறுக்கிச் சுற்றினால் பந்து கனக்கும், மேற்பரப்பு வழவழப்பாகும், காற்றைக் கிழித்துக்கொண்டு வேகமாக வரும். ஒரு பக்கம் நாடா தேய்ந்ததும் ஸ்விங் ஆகும். கராச்சி, லாகூர் தெருக்களில் வேகப்பந்து வீச்சாளர்கள் தலைமுறை தலைமுறையாக முளைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். சிமெண்டுத் தரையே போதும் என்பதால் மலாக்கா வரிசை மண்ணைப் பற்றிக் கவலை இல்லை. ஆட்டம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், பழைய தோட்டத்துச் சாயங்காலம் மாதிரி. காப்புக் கவசம் வேண்டாம். எதிரே நிற்பவர்கள் கிரிக்கெட்டைப் பார்த்தே வளர்ந்த நாடுகளின் கைகள், தோள்கள், மணிக்கட்டுகள்.

ஐ.சி.சி. விதிப்படி மூன்று ஆண்டு வசித்தவர் அந்நாட்டு அணிக்கே ஆடலாம் என்பதால், இப்படி வந்தவர்களில் நல்லவர்களைப் பொறுக்கி அணியில் போட்டுக்கொள்ளும் ஆசை எல்லா இணை நாடுகளுக்கும் உண்டு. அது ஒரு தொடரை வெல்ல உதவும். அவர்களைத் தேசிய அணியில் எதிர்பார்ப்பதைவிட, செனவாங்கிலோ நீலாயிலோ பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் எதிரே நிறுத்தி வாராவாரம் ஐம்பது பந்து போடச் சொல்வது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. ஒட்டுநாடா ஒரு சுருள் சில வெள்ளிதான்.